நொச்சி, தைலம், நெற்றிப் பற்று: சைனஸ் கேள்விகளுக்கு டாக்டர் அம்மா பதில்கள்

மார்கழிப் பனி விழத் தொடங்கியதும் எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை மூக்கைப் பற்றியே இருக்கும். இந்த மாதமும் அப்படித்தான். கேட்டவர்களில் அதிகம் பேர் மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை, வேலியோரத்து இலைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழ் முழுவதும் சைனஸுக்கும் மூலிகைக்கும். நான் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தவள். சித்த மருத்துவம் படித்தவள் இல்லை. பத்தியம், பஸ்பம் பற்றிக் கேட்டவர்கள் சித்த மருத்துவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.

வருடம் தவறாமல் எனக்குச் சைனஸ் வருகிறது. கன்னமும் புருவ மேடும் கனத்துப்போய், குனிந்தால் தலை விண்ணென்று தெறிக்கும். மாமியார் நொச்சி இலையும் மஞ்சளும் போட்டு வேது பிடிக்க வைப்பார். மூன்று நாளில் சரியாகிவிடும். நான் பார்க்கும் டாக்டரோ, "இதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது" என்கிறார். எனக்குக் குணமாவதே ஆதாரம் இல்லையா?
— வாசகி, தென்காசி

உங்கள் மாமியாரையும் டாக்டரையும் மோதவிட எனக்கு மனமில்லை. இருவரிடமும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

முதலில், வேது, அதாவது ஆவி, பிடிப்பதற்கு முன்னால் மூக்குக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கன்னம், நெற்றி, கண்களுக்கு நடுவே என்று முக எலும்புக்குள் காற்றறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மூக்கை நோக்கி ஒரு சின்னத் துவாரம் உண்டு. சளி பிடித்ததும் அந்தத் துவாரத்தைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கி வழியை அடைத்துக்கொள்கிறது. உள்ளே சுரக்கும் நீர் வெளியே வர வழியில்லாமல் தேங்குகிறது. கனமும் வலியும் இதனால்தான். பெரியவர்களுக்கு வரும் இத்தகைய சைனஸ் தொல்லையில் மிகப் பெரும்பங்கு வைரஸால் வருவது. நூற்றில் இரண்டு பேருக்குக்கூட அது பாக்டீரியாத் தொற்றாக மாறுவதில்லை. எதுவும் செய்யாமல் விட்டாலும் பத்து முதல் பதினான்கு நாளுக்குள் பெரும்பாலோருக்கு வடிந்துவிடும்.

நொச்சி எப்போது அடுப்பேறுகிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள். முதல் தும்மலுக்கே யாரும் இலை பறிக்கப் போவதில்லை. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ தலை வெடிக்கிறது என்னும் நிலை வந்த பிறகே மாமியார் வேலிப் பக்கம் போகிறார். நோய் உச்சத்தில் இருக்கும் அந்த நாளில் எதைச் செய்தாலும் அடுத்த மூன்று நாளில் குறையத்தான் செய்யும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இதில் எவ்வளவு, நொச்சியின் பங்கு எவ்வளவு என்பதை ஒரு வீட்டு அனுபவத்தை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க வேண்டுமானால் வேது பிடித்தவர்களையும் பிடிக்காதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படி ஒரு ஆய்வு இங்கிலாந்தில் நடந்து 2016இல் வெளிவந்தது. அடிக்கடி சைனஸ் தொல்லை வருகிற 871 பேரைப் பிரித்து, சிலருக்கு ஆவி, சிலருக்கு உப்புநீரால் மூக்கைக் கழுவுதல், சிலருக்கு இரண்டும், சிலருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும் என்று கொடுத்துப் பார்த்தார்கள். ஆவி பிடித்தவர்களுக்குத் தலைவலி ஓரளவு குறைந்தது. மூக்கடைப்பு உள்ளிட்ட மற்ற தொல்லைகளில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. கழுவியவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பலன் கிடைத்தது, அதுவும் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ஆக, உங்கள் தலைவலி ஆவியால் தணிகிறது என்று நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். அது வெறும் வெந்நீர் ஆவி, அதில் இலை எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நொச்சியைப் பொறுத்தவரை, இலங்கை ஆய்வாளர்கள் 2003இல் முற்றிய நொச்சி இலைச் சாற்றை எலிகளுக்கு வாய்வழியே கொடுத்து, வீக்கமும் வலியும் குறைவதைக் காட்டினார்கள். நல்ல வேலைதான். ஆனால் எலி குடித்தது சாறு, நீங்கள் பிடிப்பது ஆவி. பானையிலிருந்து ஆவியோடு மேலே எழுவது இலையில் உள்ள எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள் மட்டுமே. மற்ற சரக்கெல்லாம் பானைத் தண்ணீரிலேயே தங்கிவிடும். அந்தத் தண்ணீரைக் கடைசியில் நீங்கள் வாழைக்குத்தான் ஊற்றுகிறீர்கள். மஞ்சளின் நிலையும் இதேதான், அதன் மஞ்சள் நிறப் பொருள் ஆவியில் ஏறாது. நொச்சி ஆவியையும் வெறும் ஆவியையும் சைனஸ் நோயாளிகளிடம் முறையாக ஒப்பிட்ட பெரிய ஆய்வு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. எனவே உங்கள் டாக்டர் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம்: ஆவியைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள், நொச்சி ஆவியைத்தான் யாரும் பெரிதாகச் சோதித்ததாகத் தெரியவில்லை.

பிடிக்கலாமா என்றால் தாராளமாகப் பிடியுங்கள். ஆனால் பானையைக் கட்டில் மேல், மடி மேல் வைக்காதீர்கள். ஆவியால் வரும் ஆபத்து நுரையீரலில் இல்லை, தொடையில்தான். போர்வைக்குள் குனிந்திருப்பவர் ஒரு தும்மல் போட்டதும் பாத்திரம் சரிந்து, தொடையும் அடிவயிறும் வெந்துபோய் வந்தவர்களை எங்கள் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் பார்த்திருக்கிறேன். 2020இல் கொரோனாவுக்குப் பயந்து வீட்டுக்கு வீடு ஆவி பிடித்தபோது, இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஆவியால் வெந்துபோய் வந்த குழந்தைகளின் எண்ணிக்கை பல மடங்கு கூடியதாக அங்குள்ள மருத்துவர்கள் எழுதினார்கள். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். பெரியவர்கள் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிச் சில நிமிடம் ஆறவிட்டு, மேசை மேல் அசையாதபடி வைத்து, முகத்தை ஒரு முழம் தள்ளி வைத்துப் பிடிக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நொச்சியின் நெடி இழுப்பைக் கிளப்பிவிடலாம். அவர்கள் வெறும் ஆவியோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

நாங்கள் இருப்பது கோத்தகிரி. தைலம் காய்ச்சும் இடத்தைக் கடந்து போனாலே அடைத்த மூக்கு திறந்துகொள்ளும். நீலகிரித் தைலம் சைனஸை உண்மையாகவே குணப்படுத்துமா?
— வாசகர், கோத்தகிரி

மூக்கு திறப்பதில்லை, திறந்தது போல இருக்கிறது. தைல வாசனை மூக்கில் உள்ள குளிர் உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. குளிர்ந்த காற்று நிறைய உள்ளே போகிறது என்று மூளை எண்ணிக்கொள்கிறது. கருவி வைத்து அளந்தால் காற்றோட்டம் முன்பு இருந்த அளவிலேயே இருக்கும். புதினா உப்புக்கும் இதே கதைதான். அதற்காக அதை ஏமாற்று என்று ஒதுக்கவும் மாட்டேன். மூச்சு முட்டும் இரவில் தூக்கம் வந்தால் அது லாபம்தானே.

ஆனால் உங்கள் மலைத் தைலத்தின் கதை இதோடு முடியவில்லை. வெள்ளைக்காரர்கள் விறகுக்காக 1843இல் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்த மரம் அது. அதன் இலை எண்ணெயில் பெரும்பகுதி சினியோல் என்னும் பொருள். ஜெர்மனியில் இந்தச் சினியோலைத் தனியே பிரித்து, குடலில் போய்க் கரையும்படி மாத்திரையாக்கி, சீழ் இல்லாத திடீர் சைனஸ் வீக்கம் உள்ள 152 பேரிடம் சோதித்தார்கள். 2004இல் வெளிவந்த ஆய்வு. பாதிப் பேருக்கு 200 மில்லிகிராம் தினம் மூன்று வேளை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்த டாக்டருக்கும் தெரியாது. தலைவலி, குனிந்தால் வலி, மூக்கடைப்பு என்று ஒவ்வொரு தொல்லைக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினார்கள். தொடக்கத்தில் இரு தரப்புக்கும் ஏறத்தாழ 15.6. ஏழாம் நாள் சினியோல் தரப்பு 3.0க்கு இறங்கியது. போலி மாத்திரைத் தரப்பு 9.2இல் நின்றது.

அந்த 9.2ஐ இன்னொரு முறை பாருங்கள். மருந்தே இல்லாத மாத்திரையை விழுங்கியவர்களுக்கும் ஒரே வாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொல்லை குறைந்திருக்கிறது. தென்காசி வாசகிக்கு நான் சொன்னது இதைத்தான்.

இதைப் படித்துவிட்டுக் கடைத் தைலத்தைச் சர்க்கரையில் சொட்டு விட்டு விழுங்கக் கிளம்பிவிடாதீர்கள். அளவிட்ட மாத்திரையும் பாட்டில் எண்ணெயும் ஒன்றல்ல. சில மில்லி எண்ணெய் உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். பாட்டிலைக் குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கைக்குழந்தையின் மூக்கிலும் முகத்திலும் தைலமோ கற்பூரமோ தடவக் கூடாது.

என் மகன் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறான். சளி, சைனஸ் என்று போனால் அங்கே டாக்டரே மூலிகைச் சொட்டு மருந்து எழுதிக் கொடுக்கிறாராம். "உம்கலோவாபோ" என்று பெயர். ஊருக்கு வந்தபோது எனக்கும் ஒரு பாட்டில் கொண்டுவந்தான். வெள்ளைக்காரன் மூலிகைக்கு ஆதாரம் இருக்கிறது, நம் மூலிகைக்கு மட்டும் இல்லை என்றால் என்ன நியாயம்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ஐயா, முதலில் ஒன்று: அது வெள்ளைக்காரன் மூலிகை இல்லை. தென்னாப்பிரிக்காவிலும் லெசோத்தோவிலும் விளையும் ஒரு வகை ஜெரானியச் செடியின் வேர். அங்குள்ள மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தி வந்தது. சார்லஸ் ஸ்டீவன்ஸ் என்ற ஆங்கிலேயர் காசநோயோடு 1897இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். அங்கே ஒரு நாட்டு வைத்தியர் இந்த வேர்க் கஷாயத்தைக் கொடுத்தார். நோய் தீர்ந்ததாக நம்பிய ஸ்டீவன்ஸ், ஊர் திரும்பி அதைக் காசநோய் மருந்தாக விற்கத் தொடங்கினார். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் அவரை மோசடிக்காரர் என்று எழுத, அவர் வழக்குப் போட, அந்த வழக்கிலும் தோற்றார். பிறகு சுவிட்சர்லாந்தின் மிஷனரி டாக்டர் ஒருவர் அந்த வேரைக் கையில் எடுத்தார். கடைசியில் ஜெர்மன் கம்பெனிகளிடம் வந்து சேர்ந்தது.

காசநோய்க்கு என்று புறப்பட்ட வேர் இன்று சளிக்கும் சைனஸுக்கும் மருந்தாக நிற்கிறது. இதற்கும் ஆய்வு உண்டு. 2009இல் வெளிவந்த ஒன்றில், பாக்டீரியாச் சைனஸ் தொற்று என்று கருதப்பட்ட 103 பேரில் ஒரு பகுதியினருக்கு அறுபது சொட்டு தினம் மூன்று வேளை கொடுத்தார்கள். சொட்டு மருந்து எடுத்தவர்களுக்குத் தொல்லை மதிப்பெண் 5.5 குறைந்தது, போலி மருந்து எடுத்தவர்களுக்கு 2.5 குறைந்தது. இப்படி வந்த எல்லா ஆய்வுகளையும் ஒன்றாக வைத்துச் சலித்த காக்ரேன் குழு 2013இல் சொன்னது என்ன தெரியுமா? பெரியவர்களின் சைனஸ் தொல்லையைத் தணிக்கலாம், ஆனால் ஐயம் தீரவில்லை. ஆய்வுகள் குறைவு, தரமும் போதாது. அவ்வளவுதான் அந்த ஆதாரத்தின் உயரம்.

அங்கே இன்னொரு மருந்தும் பெயர் பெற்றது, "சைனுப்ரெட்". ஜென்ஷியன் வேர், பிரிம்ரோஸ் பூ, எல்டர் பூ என்று ஐந்து ஐரோப்பியச் செடிகள் சேர்ந்தது. நம் சூரணம் போலப் பல சரக்கு மருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். 2012இல் 386 பேரிடம் நடந்த ஆய்வில், இதை எடுத்தவர்களுக்குப் போலி மருந்து எடுத்தவர்களைவிட இரண்டு நாள் முன்னதாகவே தொல்லை தணிந்தது. இரண்டு நாள்! காய்ச்சல் தலைவலியோடு வேலைக்குப் போகிறவருக்கு அது சிறிய விஷயம் இல்லை, அதிசயமும் இல்லை. 2020இல் வெளிவந்த ஐரோப்பிய சைனஸ் வழிகாட்டியும் சளிக்குப் பின் வரும் திடீர் சைனஸுக்கு இந்த வகை மூலிகை மருந்துகள் சில பலன் தருவதாகத் தோன்றுகிறது என்று ஒப்புக்கொள்கிறது. ஆய்வுகள் பலவற்றுக்குச் செலவழித்தவர்கள் அந்த மருந்தை விற்கும் கம்பெனிகளே என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இப்போது உங்கள் நியாயக் கேள்விக்கு வருகிறேன். ஆதாரம் என்பது செடியோடு முளைப்பதில்லை, யாராவது பணம் போட்டு உண்டாக்க வேண்டும். ஒரே அளவில் ஒரே தரத்தில் சாறு எடுக்க வேண்டும், போலி மருந்து தயாரிக்க வேண்டும், நூற்றுக்கணக்கான நோயாளிகளை வாரக்கணக்கில் பின்தொடர வேண்டும். அந்த மருந்தை விற்றுச் சம்பாதிக்கப் போகிறவனுக்கு அந்தச் செலவு கட்டுபடியாகும். வேலியில் இலவசமாகக் கிடக்கும் நொச்சிக்கு எந்த முதலாளி செலவழிப்பார்? அரசுதான் செய்ய வேண்டும். சென்னையில் மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் இருக்கிறது. நொச்சி வேது ஒரு பக்கம், வெறும் வேது ஒரு பக்கம் என்று வைத்து ஒரு நல்ல ஆய்வு நடத்த ஒரு குளிர்காலம் போதும் என்பது என் கட்சி. முடிவு நொச்சிக்குச் சாதகமாக வந்தால் நானே முதல் ஆளாகக் கைதட்டுவேன். பாதகமாக வந்தாலும் அதை அச்சடிக்கும் தைரியம் வேண்டும்.

பேச்சோடு பேச்சாக இன்னொன்று. ஆப்பிரிக்க வேரிலிருந்து சாறு எடுக்கும் முறைக்கு ஜெர்மன் கம்பெனி வாங்கியிருந்த காப்புரிமையை, தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப்பில் உள்ள ஆலிஸ் என்ற ஊர் மக்களும் ஒரு தன்னார்வ அமைப்பும் எதிர்த்து வழக்காடினார்கள். 2010இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அதை ரத்து செய்தது. மஞ்சளுக்கும் வேம்புக்கும் நாம் போராடியது உங்களுக்கு நினைவிருக்கும்.

உங்கள் பாட்டிலைப் பொறுத்தவரை, அதில் சாராயம் கலந்திருக்கும், லேபிளைப் பாருங்கள். கல்லீரல் கோளாறு உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தங்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

நீர்க்கோவை மாத்திரையை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டால் சைனஸ் நீரை அது உறிஞ்சிவிடுமா?
— வாசகி, விருத்தாசலம்

உறிஞ்சாது. நெற்றித் தோலுக்கும் நெற்றிக் காற்றறைக்கும் நடுவே கெட்டியான எலும்பு இருக்கிறது. பற்றின் சூடும் காரமும் தோல் நரம்புகளுக்கு வேறு வேலை கொடுப்பதால் உள்வலி மங்கித் தெரியும். காய்ந்து இறுகும்போது பிடித்துவிட்டது போன்ற சுகமும் உண்டு. என் புறநோயாளிப் பிரிவுக்கு மஞ்சள் பற்று வெடித்து உதிர்ந்தபடி வந்தவர்கள் ஏராளம். அவர்களை நான் கடிந்துகொண்டதில்லை. கண்ணில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோல் எரிந்து சிவந்தால் கழுவிவிடுங்கள். குழந்தைகளுக்குப் போடாதீர்கள்.

தும்பைப் பூச்சாற்றை மூக்கில் விட்டால் கெட்ட நீரெல்லாம் கொட்டிவிடும் என்று ஊரில் ஒருவர் விடுகிறார். என் கணவருக்கும் விட்டார். உண்மையாகவே ஒரு டம்ளர் நீர் கொட்டியது! இது நல்லதா?
— வாசகி, உசிலம்பட்டி

கொட்டியது கெட்ட நீர் இல்லையம்மா, புதிய நீர். காரமான சாறு பட்டதும் மூக்குச் சவ்வு எரிச்சலில் அந்த நிமிடமே சுரந்து தள்ளுகிறது. மிளகாய் நெடிக்கு மூக்கில் ஒழுகுவதும் இதே வழியில்தான். கன்ன அறைகளின் கொள்ளளவையும் யோசியுங்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு பக்கத்துக்குச் சுமார் 15 மில்லி. ஒரு டம்ளர் நீர் அங்கே தேங்கியிருக்க இடமே கிடையாது.

துருக்கியிலும் கிரீஸிலும் ஒரு காட்டு வெள்ளரி உண்டு. பழுத்தால் விதையோடு சாற்றைப் பீய்ச்சி அடிக்கும். சைனஸுக்கென்று அந்தச் சாற்றை மூக்கில் விடுவது அங்கே பழைய வழக்கம். முயல்களிடம் சோதித்தபோது பலன்கூடத் தெரிந்தது. ஆனால் காட்டுச் சாற்றை அப்படியே மூக்கில் விட்டுக்கொண்டவர்களில் சிலர் உள்நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சுத் திணறி அவசரப் பிரிவுக்கு வந்ததை அந்த நாட்டு மருத்துவர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள். முயலுக்குக் கொடுத்தது அளந்து நீர்த்த மருந்து. மனிதர்கள் விட்டுக்கொண்டது அளவில்லாத சாறு. தும்பை அந்த வெள்ளரி அளவுக்குக் கொடியது என்று நான் சொல்லவில்லை. பறித்துக் கசக்கித் துணியில் பிழிந்த எந்தச் சாற்றிலும் மண்ணும் கிருமியும் இருக்கும். அளவும் ஆளுக்கு ஆள் மாறும். இரண்டாம் முறை வேண்டாம். குழந்தைகளின் மூக்கில் எண்ணெய், சாறு எதையும் விடக் கூடாது. அது வழுக்கி நுரையீரலுக்குள் போய்விட்டால் பெரிய வம்பு.

ஆறு வருடமாக மூக்கடைப்பு. வாசனை தெரிவதில்லை. ஆங்கில மருந்து, கஷாயம், நசியம் (மூக்கில் விடும் மருந்து) எல்லாம் பார்த்தாயிற்று. ஜெர்மன் மூலிகை மாத்திரை வரவழைக்கலாமா?
— வாசகர், ஈரோடு

பணத்தை வீணாக்காதீர்கள். மேலே சொன்ன ஐந்து சரக்கு மருந்தையே நாள்பட்ட சைனஸ் உள்ள 929 பேரிடம் சோதித்து 2017இல் முடிவு வெளியிட்டார்கள். முதன்மையாகப் பார்க்க நினைத்த அளவுகோலில் போலி மருந்தைவிட அது மேலாக நிற்கவில்லை. சளியோடு வரும் பத்து நாள் சைனஸும், பன்னிரண்டு வாரத்தைத் தாண்டிய சைனஸும் பெயரில்தான் ஒன்று. உங்களுடையது இரண்டாம் வகை. வாசனையும் போயிருக்கிறது என்றால் மூக்குக்குள் சதை வளர்ச்சி இருக்க வாய்ப்பு அதிகம். உரித்த திராட்சை போல வெளிறிப் பளபளத்துத் தொங்கும். குழாய்க் கேமரா வைத்துப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆறு வருடத்தில் யாராவது உள்ளே பார்த்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைச் செய்யுங்கள். ஸ்டீராய்டு ஸ்பிரே என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மூக்கில் அடிக்கும் அளவு மிகச் சிறியது, நாள்பட்ட சைனஸுக்கு நல்ல ஆதாரமுள்ள மருந்து. தொல்லை ஒரே பக்கம் மட்டும், அதுவும் நாற்றத்தோடு என்றால் மேல் கடைவாய்ப் பல்லையும் காட்டுங்கள். அந்தப் பல்லின் வேர் கன்ன அறையின் தரையை முட்டிக்கொண்டிருக்கும்.

கடைகளில் விற்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை நீங்களாக வாங்கி மாதக்கணக்கில் விட்டுக்கொண்டிருந்தால் அதுவே அடைப்புக்குக் காரணமாகிவிடும். ஐந்து நாளுக்கு மேல் ஆகாது.

அப்பாவுக்கு 64 வயது, பல வருடமாகச் சர்க்கரை. பத்து நாளாகச் சைனஸ் என்று நொச்சி வேது பிடிக்கிறார். இப்போது இடது கன்னம் மரத்துப்போய், கண்ணும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. வேறு என்ன மூலிகை சேர்க்கலாம்?
— வாசகி, ராமநாதபுரம்

இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே இவருக்குத் தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டேன். அப்பா மருத்துவமனையில் இருக்கிறார். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். சர்க்கரை உள்ளவருக்குச் சைனஸ் வலியோடு ஒரு பக்கக் கன்னம் மரத்தல், கண் வீக்கம், இரட்டைப் பார்வை, மூக்கிலோ அண்ணத்திலோ கறுப்புப் பொருக்கு, பல் ஆட்டம் இவற்றில் ஏதேனும் ஒன்று வந்தாலும் அது கருப்புப் பூஞ்சையாக இருக்கலாம். 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையில் நாம் கண்ணால் பார்த்த நோய்தான் அது. எலும்பை, கண்ணை, மூளையை நோக்கி நாள் கணக்கில் நகரும். இங்கே மூலிகையா ஆங்கில மருந்தா என்ற விவாதத்துக்கே நேரம் இல்லை. அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சர்க்கரை இல்லாதவர்களும் கண் வீங்கினால், பார்வை மாறினால், கழுத்து விறைத்தால், நெற்றி வலி தாங்க முடியாமல் போனால் வீட்டு வைத்தியத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பத்து நாளாகியும் குறையவில்லை, அல்லது குறைந்த தொல்லை திரும்ப ஏறுகிறது, அல்லது 39 டிகிரி செல்சியஸ் காய்ச்சலும் சீழும் மூன்று நாளைத் தாண்டி நிற்கிறது என்றால் அது பாக்டீரியாவாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்யட்டும்.

ஜலநேதி (உப்புநீரால் மூக்கைக் கழுவுதல்) செய்தால் மூளையைத் தின்னும் அமீபா வந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். நிறுத்திவிடவா?
— யோகா ஆசிரியை, பொள்ளாச்சி

நிறுத்த வேண்டாம், தண்ணீரை மாற்றுங்கள். வீட்டு வைத்தியங்களில் நாள்பட்ட சைனஸுக்கு நான் துணிந்து சொல்வது உப்புநீரில் கழுவுவதைத்தான். பயமும் வீண் பயம் இல்லை. 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர் அந்த அமீபாவால் இறந்தார்கள். கேரளத்தில் 2024, 2025இல் அமீபா மூளைக்காய்ச்சல் செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். குடித்தால் ஒன்றும் செய்யாத அமீபா, மூக்கின் உச்சியில் உள்ள வாசனை நரம்பு வழியே மூளைக்கு ஏறுகிறது.

தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு முழு நிமிடம் கொதிக்கட்டும். ஊட்டி போன்ற உயரமான ஊர்களில் மூன்று நிமிடம். மூடி வைத்து, வெதுவெதுப்பாக ஆறியதும், கால் லிட்டருக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பு. கிணறு, குளம், குழாய், கேன் எதையும் காய்ச்சாமல் மூக்குக்குள் விடக் கூடாது. வடிகட்டித் துணி அமீபாவைத் தடுக்காது. நேதிக் குவளையையும் அதே காய்ச்சிய நீரில் கழுவிக் கவிழ்த்துக் காயவையுங்கள். வகுப்பில் எல்லோருக்கும் ஒரே குவளை வேண்டாம்.

நிலவேம்புக் குடிநீர் சைனஸுக்குக் கேட்குமா?
— வாசகர், ஆம்பூர்

நிலவேம்பைத் தனியே சளி, தொண்டை வலிக்குக் கொடுத்து நிறைய ஆய்வுகள் வந்திருக்கின்றன. பலன் இருப்பதாகவே பெரும்பாலும் சொல்கின்றன, ஆய்வுகளின் தரம் சுமார்தான். குடிநீரோ நிலவேம்போடு சுக்கு, மிளகு, வெட்டிவேர் என்று மொத்தம் ஒன்பது சரக்கு சேர்ந்தது. ஒன்றன் பலனை மற்றதன் கணக்கில் எழுத முடியாது. நிலவேம்பால் கடுமையான ஒவ்வாமை வரக்கூடும் என்று ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. குடித்ததும் தடிப்போ மூச்சிரைப்போ வந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

மூக்கைச் சிந்துவதா, உள்ளே உறிஞ்சுவதா? எங்கள் வீட்டில் பெரிய சண்டை.
— பிளஸ் டூ மாணவி, சிவகாசி

உறிஞ்சுவது பார்க்க அசிங்கம், உடம்புக்குப் பெரிய கேடு இல்லை. கேடு வருவது பலமாகச் சிந்துவதில். 2000இல் சில ஆய்வாளர்கள் மூக்கில் எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தை விட்டு, சிந்தச் சொல்லி, ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். திரவம் சைனஸ் அறைக்குள் ஏறியிருந்தது. தும்மலிலும் இருமலிலும் அப்படி ஏறவில்லை. சிந்தும்போது மூக்குக்குள் உண்டாகும் அழுத்தம் தும்மலைவிடப் பத்து மடங்குக்கும் மேல். ஆகவே இரண்டு துளையையும் நெருக்கிப் பிடித்துச் சங்கு ஊதுவது போல ஊதாதே. ஒரு துளையை விரலால் மூடிக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்து, மெதுவாக மற்றதைச் சிந்து. பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவு. உறிஞ்சுகிறவர் உன் அண்ணனாக இருந்தால் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்து போய் உறிஞ்சச் சொல்.